ஐந்து லாரிக்கு ஒரு வைப்பர்

எங்கள் அண்ணன் கஸ்பாருக்கு லாரி ஓட்டத் தெரியும். லாரியைப் பிரித்துத் திரும்பப் பூட்டத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கவும் தெரியும். ‘மாட்டேன்’ என்று சொல்ல மட்டும் தெரியாது. இந்த ஒரு சொல் அவர் வாயில் வராததால் நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. பல் இருந்தவரை கடித்தேன்.

அரூரிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி போகிற சாலையில் எங்கள் ஊர். அப்பாவுக்கு நான்கு ஏக்கர் மானாவாரி நிலம். மழை வந்தால் கேழ்வரகு, வராவிட்டால் ஜெபமாலை. அண்ணனை ஏர் பிடிக்க விட்டால் மேழியை ஸ்டியரிங் மாதிரி வளைத்து வளைத்து ஓட்டி, ஏர் போன கோட்டைப் பாம்பு போன தடம் மாதிரி ஆக்கிவிடுவாராம். பதினாறு வயதில் சேலத்துக்கு ஓடிப்போய், யுத்த காலத்துக் கரிவாயு பஸ் ஒன்றில் கரி போடும் வேலையில் சேர்ந்தார். அங்கிருந்து படிப்படியாக டிரைவர். நான் கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்து, பயிற்சி முடித்து, அரூரில் டீச்சரானேன். நான் முதல் சம்பளம் வாங்கிய வருடம் அண்ணன் பட்டாளம் கழித்துவிட்ட லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து, மாலை போட்டு, ஊருக்குள் ஓட்டி வந்தார்.

அந்த லாரியின் பின்பலகையில் ஏழு ஓட்டைகள் இருந்தன. பர்மா சண்டையில் ஜப்பான்காரன் சுட்டவை என்று ஊர் முழுக்க நம்பியது. அதைச் சொல்லி வைத்தது நான்தான். வெறும் ஆணி ஓட்டைகள். ஹாரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேட்டரி நன்றாக இருக்கிற நாளில் அதை அழுத்தினால், மொரப்பூர் ஸ்டேஷனில் நிற்கும் ரயில் கார்டு கொடி காட்டாமலே கிளம்பிவிடும். பேட்டரி இறங்கிய நாளில் லாரி பூனை மாதிரி சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கும். பதறிக் குதித்ததில் எனக்கு இரண்டு குடை சக்கரத்தடியில் போயிருக்கிறது.

அறுபத்திரண்டாம் வருடம் மஞ்சவாடிக் கணவாயில் சேலம் பக்கமாக இறங்கும்போது லாரியின் பிரேக் போனது. கேழ்வரகு லோடு. பெடல் பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி அடிவரை போய்விட்டதாம். ரோடு போடுவதற்காக ஓரத்தில் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் லாரியை ஏற்றி நிறுத்தினார். யாருக்கும் ஒன்றுமில்லை. மலையில் இருந்த குரங்குகள் எல்லாம் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். அதை நான் பார்க்கவில்லை. ஆனால் அண்ணனுடைய மீசையில் ஒரு பக்கம் மட்டும் நரைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தொல்லை தொடங்கியது. அண்ணன் சேலத்துக்குப் போய், வாகன விதிகள் அடங்கிய தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து என் மடியில் போட்டார்.

“கண்ணு, லாரிக்கு என்னென்ன வேணும்னு சர்க்கார் சொல்லுதோ, எல்லாத்தையும் தமிழ்ல எழுதிக் குடு. ஒண்ணு வுடக் கூடாது.”

மூன்று மாதம், பள்ளிக்கூடம் விட்டு வந்து, நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். ஸ்டெப்னி நல்ல டயராக இருக்க வேண்டும். மழையைத் துடைக்க வைப்பர் வேண்டும். தீயணைக்கும் சிலிண்டர், மருந்துப்பெட்டி, பின்னால் சிவப்பு விளக்கு, இரண்டு பிரேக். எழுதி எழுதிக் கை வலித்த ஒரு மாலையில் என் குடை ஞாபகம் வந்தது. சர்க்கார் சொல்லாமல் அண்ணன் எதையும் வாங்க மாட்டார். ஆகவே சர்க்காருக்குப் பதிலாக நானே ஒரு விதி எழுதினேன்: ‘விதி 117-அ. ஹாரன் பழுதுபட்டால் உபயோகிக்க, ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் ஒரு வெண்கல மணி இருத்தல் வேண்டும்.’ அதன் கீழே இன்னொன்றும் சேர்த்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அண்ணன் ஒன்று விடாமல் வாங்கினார். வெண்கல மணி உட்பட. அரூர் தாலுகாவிலேயே எல்லா விதிக்கும் உட்பட்ட ஒரே லாரி எங்கள் அண்ணனுடையதுதான். ஒரு விதிக்கு அதிகமாகவே உட்பட்டது.

வாரம் ஒரு நாள் அவர் பிரேக்கைப் பிரிப்பார். துடைத்து, லைனிங் பார்த்து, பூட்டி, பிரேக் எண்ணெயில் காற்றுக் குமிழ் இருந்தால் வெளியேற்றுவார். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அடியில் படுத்து ஒருவர் திருகாணியைத் திறக்க, மேலே ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். திருகாணியை மூடும் முன் மேலே இருப்பவர் காலை எடுத்தால் காற்று மறுபடி உள்ளே புகுந்து, செய்த வேலை முழுவதும் பாழ். அந்த மேல் வேலை எங்கள் அண்ணி மிக்கேலம்மாளுக்கு. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்வாள். வாரம் முழுக்கச் சேர்ந்த வழக்கெல்லாம் சீட்டுக்குக் கீழே இருக்கிற பலகை வழியாகத்தான் தீர்ப்பாகும்.

இதெல்லாம் சரி. ஆனால் எல்லாச் சாமானும் உள்ள ஒரே லாரி என்பது தெரிந்ததும் மற்ற லாரிக்காரர்கள் என்ன செய்வார்கள்? ஸ்டெப்னி வாங்குவார்களா? எஃப்சி நாளைக்கு முதல் நாள் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். எஃப்சி என்பது வருடம் ஒரு தடவை பிரேக் இன்ஸ்பெக்டர் லாரியைப் பரிசோதித்து, ஓடத் தகுதி உண்டு என்று கொடுக்கிற காகிதம். அது இல்லாமல் லாரி ரோட்டில் சக்கரத்தை வைக்க முடியாது. தருமபுரி தனி மாவட்டமான பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் அரூருக்கே வந்து, டிராவலர்ஸ் பங்களா மைதானத்தில் முகாம் போட்டுப் பார்ப்பார். முதலில் வந்தவர் நாற்காலியை விட்டு எழாமலே லாரியைப் பார்க்கத் தெரிந்தவர். அவர் காலத்தில் அண்ணனின் வைப்பரும் ஸ்டெப்னியும் மருந்துப்பெட்டியும் சிலிண்டரும் லாரி லாரியாக ஏறி இறங்கின. ரோட்டில் ஓடிய தூரத்தைவிட அந்த ஸ்டெப்னி லாரிக்கு லாரி உருண்ட தூரம்தான் அதிகம். மணியும் கூடவே போனது. கஸ்பார் நோட்டில் இருக்கிறது என்றால் அது சட்டம் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். மணி இல்லாமல் எஃப்சிக்குப் போகிறவன் அரூரில் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து என்னவென்று சொல்வது?

அறுபத்தெட்டாம் வருடம் மாசி முடிந்து பங்குனி பிறந்திருந்தது. புளி உலுக்கும் காலம். தீர்த்தமலைப் பக்கத்துப் புளி முழுவதையும் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு ஏற்றிப்போகும் வேலையை மண்டிக்காரர் ஒருவர் அண்ணனுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். புதன்கிழமை முதல் லோடு. அண்ணனுடைய எஃப்சியோ செவ்வாய்க்கிழமையோடு தீர்கிறது. அதற்கு முன்னால் இருப்பது ஒரே ஒரு முகாம், சனிக்கிழமை. அதைத் தவறவிட்டால் அடுத்த மாதம்தான். அதற்குள் புளி முழுவதும் வேறு யார் லாரியிலாவது செவ்வாய்ப்பேட்டை போய், சேலத்துக்காரர்கள் ரசம் வைத்துக் குடித்தே முடித்திருப்பார்கள். வருடத்தில் அண்ணன் லாரி நிம்மதியாக ஓடுகிற காலமே அந்த ஒன்றரை மாதம்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் போனபோது அண்ணன் லாரிக்கு அடியில் கிடந்தார். அண்ணி சீட்டில்.

“மிதி,” என்றது அடியிலிருந்து குரல்.

“மிதிச்சாச்சு.”

“அப்பிடியே புடி. கால எடுத்துடாத.”

“புடிச்சுக்கிட்டுத்தான இருக்கறேன், கல்யாணம் ஆன நாளிலிருந்து. ஏங்க, நாளைக்கு நம்ம சாமானத்த யாருக்கும் குடுக்க மாட்டேன்னு சொல்லுங்க.”

“இப்ப எதுக்கு அது?”

“சொல்லுங்க. இல்லாட்டி கால எடுத்துடுவேன்.”

“அடிப்பாவி, எடுத்துடாத! மத்தியானத்திலிருந்து பாத்த வேலை!”

“எடுக்கட்டுங்களா?”

“மாட்டேன்! குடுக்க மாட்டேன்! புடி தாயி, மூடிக்கறேன்!”

அந்தச் சொல்லை அண்ணன் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்து, முகமெல்லாம் எண்ணெயோடு சொன்னது. அண்ணிக்கும் அதன் தரம் தெரியும். என் பக்கம் திரும்பினாள்.

“டீச்சரு, நாளைக்கு உனுக்கு லீவுதான? நீ போயி கூட நில்லு. இந்த மனுசன நம்பி என்னால சோறாக்க முடியாது.”

காலை ஆறரை மணிக்கெல்லாம் அண்ணன் லாரிதான் மைதானத்தில் முதலாவதாக நின்றது. கழுவி, துடைத்து, திருநாளுக்குப் போகிற மாதிரி இருந்தது. எனக்கு மகா திருப்தி. ஏழு மணிக்கு இன்னாசி வந்தான். அண்ணியின் தம்பி. அவனுக்கு ஒரு லாரி. அதில் ஒழுங்காக இருந்தது முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த அந்தோனியார் படம் மட்டும்தான்.

“மாமா, எனுக்கு லோடு காத்துக்கிட்டு கெடக்குது. நான் முன்னால நின்னுக்கறேன். பத்தே நிமிசம்.”

அண்ணன் லாரியைப் பின்னுக்கு எடுத்தார். ஏழேகாலுக்கு மாதையன் வந்தார், பக்கத்து ஊர் விவசாயி, வைக்கோல் ஏற்றுகிற லாரி.

“ஏம்ப்பா கஸ்பாரு, எங்கூட்டு எருமை கன்னு போடற மாதிரி நிக்குது. நான் சுருக்கா போவணும்.”

அண்ணன் இன்னும் பின்னுக்கு எடுத்தார். எட்டு மணிக்குள் முனியப்பன் ஒரு காரணம் சொன்னார், கம்பைநல்லூர்க்காரர் ஒருவர் காரணமே சொல்லவில்லை. முதலில் வந்த லாரி ஐந்தாவதாக நின்றது.

“அண்ணா,” என்றேன், “அந்த எருமை போன மாசமே கன்னு போட்டுடுச்சு. சீம்பால் எங்க வூட்டுக்கே வந்துது.”

“இருக்கட்டும் கண்ணு. எப்பிடியும் எல்லாத்தயும் பாத்துத்தான போவாரு.”

அடுத்து இன்னாசி வருவான் என்று எனக்குத் தெரியும். ஸ்டெப்னியைத் தரையில் படுக்கப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். வெள்ளைச் சேலை வேறு. அவன் வந்து என்னைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

“டீச்சரு, பின்னால சேலையில அவ்ளோ பெரிசா கிரீஸு.”

துள்ளி எழுந்தேன். சேலையில் ஒன்றும் இல்லை. ஸ்டெப்னி மைதானத்தில் உருண்டு போய்க்கொண்டிருந்தது. அதே நேரம் அவன் கக்கத்தில் அண்ணனின் வைப்பர், தோளில் சிலிண்டர், கையில் மருந்துப்பெட்டி. மணியை நாக்கு ஆடாதபடி துண்டில் சுற்றி வேறு வைத்திருந்தான். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி வேறு பக்கம் திரும்பி நின்றார். ரேடியேட்டர் ஏற்கெனவே வழிந்துகொண்டிருந்தது.

ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். புதியவர், ராஜாமணி என்று பெயர். ஒல்லியான மனிதர். இஸ்திரி போட்ட காக்கி. சிரிக்கிற வழக்கமில்லாத முகம். நாற்காலியை வேப்ப மரத்தடியில் போட்டுவிட்டு, அதில் உட்காராமல் நேரே முதல் லாரிக்குப் போனார். டயரைத் தட்டினார், விளக்கைப் போடச் சொன்னார், மருந்துப்பெட்டியைத் திறந்து டிங்சர் பாட்டிலை வெளிச்சத்தில் பார்த்தார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மணியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். இன்னாசியைப் பார்த்தார். திருப்பி வைத்துவிட்டார். பிறகு இன்னாசி பக்கத்தில் ஏறி, ரோட்டில் ஓட்டச் சொல்லிப் பிரேக் பிடித்துப் பார்த்தார். தபாலாபீஸ் எதிரில் மிதித்த பிரேக், தாலுகா ஆபீஸ் தாண்டி ‘சரி, நிற்கட்டுமா’ என்று யோசித்து நின்றது. திரும்பி வந்து மேஜையில் எதையோ எழுதி, கல்லுக்கு அடியில் வைத்தார். எல்லாக் காகிதமும் கடைசியில்தான் கொடுப்பாராம்.

அவர் குனிந்து எழுதுகிற நேரத்தில் லாரிகளுக்குப் பின்னால் சாமான்கள் இடம் மாறின. மாதையன் அந்த வயதில் ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு ஓடிய வேகத்தைப் பார்த்தால், எருமைக்குப் பதில் அவரையே வண்டியில் பூட்டலாம் போலிருந்தது. இரண்டாவது லாரியிலும் எல்லாம் இருந்தன. மணியும்.

மூன்றாவது முனியப்பன் லாரி. இன்ஸ்பெக்டர் மருந்துப்பெட்டியைத் திறந்தார், டிங்சரைப் பார்த்தார், மூடினார். மணியைக் கையில் எடுத்தார். இந்தத் தடவை திருப்பி வைக்கவில்லை.

“யோவ், இது என்னய்யா மணி?”

“ரூலுங்க சார்,” என்றார் முனியப்பன்.

“எந்த ரூலு?”

“நூத்திப் பதினேழு அ-ங்க. ஹாரன் கெட்டுப்போனா மணி.”

“ஏன்யா, இந்தச் சட்டம் வந்து இருபத்தொம்பது வருசம் ஆவுது. அதுல பதினாலு வருசமா நான் சோறு திங்கறேன். மணிய நீ எங்க பாத்த?”

“கஸ்பாரண்ணன் நோட்டுல இருக்குதுங்க. நாங்க எல்லாம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவங்க சார். இங்க நிக்கிற அஞ்சு லாரியிலயும் மணி இருக்குதுங்க.”

“அஞ்சுலயுமா?”

“ஆமாங்க.” முனியப்பன் பெருமையாகச் சொன்னார். சொன்ன பிறகுதான் அவர் முகம் மெதுவாக மாறியது.

இன்ஸ்பெக்டர் நோட்டை வரவழைத்தார். என் கையெழுத்தில் இருந்த 117-அ-வை இரண்டு தடவை படித்தார். அதற்குக் கீழே இருந்ததைச் சத்தமாகவே படித்தார்: “விதி 117-ஆ. ஓட்டுநர் வெற்றிலை எச்சிலைச் சன்னல் வழியே துப்பலாகாது. பின்னால் நடந்து வருவோர் வெள்ளைச் சேலை உடுத்தியிருக்கக்கூடும்.”

தலையை நிமிர்த்தி என் சேலையைப் பார்த்தார். நான் வேப்ப மரத்தைப் பார்த்தேன். நல்ல மரம்.

“எல்லாரும் அவங்கவங்க லாரியில ஏறு,” என்றார். “நான் கையத் தூக்கினதும் அஞ்சு பேரும் மணி அடிக்கணும்.”

கை உயர்ந்தது. அவர் மணியை முனியப்பனிடம் கொடுத்திருந்ததால் அங்கிருந்து ஒன்று ஒலித்தது. மாதையன் லாரியிலிருந்து “டிங், டிங்” என்று மாதையனே வாயால் சொன்னார்.

“இப்ப வைப்பர். எல்லாரும் ஓட்டு.”

முனியப்பன் லாரியில் ஒரு வைப்பர் கர்ரென்று அசைந்தது. இன்னாசி சன்னல் வழியாகக் கையை நீட்டி, துண்டால் முன்கண்ணாடியைத் துடைத்தான். கம்பைநல்லூர்க்காரர் கீழே இறங்கி நின்றுகொண்டார், தனக்கும் லாரிக்கும் சம்பந்தமில்லாத மாதிரி. வெட்கக்கேட்டிலும் வெட்கக்கேடு, எங்கள் அண்ணன்! அத்தனை சாமானுக்கும் சொந்தக்காரர், கண்ணாடியில் வைப்பர் இருந்த இடத்து ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் கல்லுக்கு அடியில் இருந்த காகிதங்களை எடுத்தார். கிழித்தார்.

“யாருதுய்யா இந்தச் சாமானெல்லாம்?”

அண்ணன் வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். திறந்தது இன்னாசியின் வாய்.

“பொதுவுல வச்சிருக்கறதுங்க சார்.”

பொதுவிலாம்! ஊர்க் கிணறா அது? நான் அண்ணன் முழங்கையைக் கிள்ளினேன். “என்னுதுன்னு சொல்லுண்ணா.” அவர் குனிந்து, “எல்லார் முன்னாலயும் மச்சானைப் பொய்யனாக்கச் சொல்றியா?” என்றார்.

“நாலு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்,” என்றார் இன்ஸ்பெக்டர். “ஒரு செட்டுச் சாமான். எந்த லாரியில எல்லாம் பூட்டி, பிரேக்கும் நிக்குதோ, அந்த லாரிக்குப் பேப்பர். மத்ததெல்லாம் அடுத்த மாசம். நடுவுல எதாவது கைமாறுச்சுன்னு தெரிஞ்சுது, எவனுக்கும் கெடையாது.”

ஐந்து லாரி, ஒரு காகிதம். சாமான்களை முனியப்பன் கொண்டுவந்து அண்ணன் காலடியில் வைத்துவிட்டார். அதுவரை நல்லது. ஆனால் நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். பத்தரை மணி முதல் இரண்டரை மணி வரை அண்ணனுக்கு நடந்ததைப் போல ஒரு கல்நெஞ்சுக்காரனுக்கு நடந்திருந்தால் அவன் துறவறம் போயிருப்பான்.

“கஸ்பாரு, நம்ம அப்பன் காலத்திலிருந்து ஒரே வரப்புல நடந்தவங்க,” என்றார் மாதையன்.

“அண்ணா, மணி விசயத்துல நான் உங்கள நம்பித்தான அவமானப்பட்டேன்,” என்றார் முனியப்பன். இதில் நியாயம் இருந்தது. நான் மறுபடி வேப்ப மரத்தைப் பார்த்தேன்.

“மாமா,” என்றான் இன்னாசி. அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனுக்கு நினைத்தபோது வரும். “அக்காவக் கட்டிக் குடுக்கும்போது உங்க கைய யாரு புடிச்சது? நான்தான? உங்களுக்குப் புளி ஒண்ணுதான். எனுக்கு லாரி ஓடலன்னா அடுப்பே எரியாது.”

“உன் அடுப்பு என்னிக்குடா எரிஞ்சது? மூணு வேளையும் எங்க அண்ணி வூட்லதான திங்கற?” என்றேன்.

“பாருங்க மாமா, டீச்சரு பேசறத.”

அண்ணன் துண்டை எடுத்து முகம் துடைத்தார். மறுபடி துடைத்தார். அவர் கண் வைப்பருக்கும் இன்னாசிக்கும் நடுவில் அலைந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. இன்னும் கால் மணி நேரத்தில் கொடுத்துவிடுவார். புதன்கிழமை புளி போய்விடும். ஒன்றரை மாதம் வீட்டு வாசலில் லாரி கோழி அடைய நிற்கும்.

“அண்ணா, ஒரே ஒரு சொல்லு,” என்றேன். “நேத்து லாரிக்கு அடியில சொன்னயே, அதையே மேல நின்னு சொல்லு.”

அண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு மெதுவாக எழுந்து, மேஜைப் பக்கம் போய், இன்ஸ்பெக்டரைக் கும்பிட்டுவிட்டு நோட்டை எடுத்து வந்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்தார். விரலை வைத்து, எழுத்துக் கூட்டுகிற மாதிரி, நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

“விதி நூத்தி... நாப்பது. எஃப்சி நாளையில... ஒரு வண்டிச் சாமான இன்னொரு வண்டிக்குக் குடுத்தா... குடுத்தவன் லைசென்சு ரத்து.”

இன்னாசி எட்டிப் பார்த்தான். அவனுக்கு எழுத்து வராது.

“அப்பிடியா போட்டிருக்குது? டீச்சரு, நீ எழுதினதுதான? நெசமா?”

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தார். நோட்டை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பக்கம் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. நான் எழுதாத விதி. இருபது வருடம் நான் அளந்த கதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிய மனிதர், வாழ்க்கையில் முதன்முதலாகத் தானே ஒன்று அளந்திருக்கிறார். அதை விட்டுக்கொடுப்பேனா?

“போட்டிருக்குது,” என்றேன். “ரெண்டாவது வரியை அண்ணன் படிக்கல. ‘கேட்டவன் லைசென்சும் ரத்து.’”

மாதையன் முதலில் எழுந்தார். எருமை ஞாபகம் வந்துவிட்டதாம். மேஜையில் இன்ஸ்பெக்டர் ஒரு கணம் தலையைத் தூக்கினார். எங்களைப் பார்த்தார். மறுபடி பேனாவுக்கு மை ஊற்றத் தொடங்கினார். அந்த விதிக்கு மட்டும் அவர் விளக்கம் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு எல்லாம் பூட்டியாயிற்று. இன்ஸ்பெக்டர் அண்ணன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். தபாலாபீஸ் எதிரில் “புடி” என்றார். லாரி அந்த இடத்திலேயே முளையடித்த மாதிரி நின்றது. அவர் சட்டைப்பையில் இருந்த பேனா பறந்து போய் முன்கண்ணாடியில் இடித்து, நிப்பு வளைந்தது. நிப்பை நானே பார்த்தேன், வேண்டுமானால் சத்தியம் செய்கிறேன்.

“இந்த பிரேக்க யாருகிட்டய்யா இரவல் வாங்கின?” என்று கேட்டாராம்.

“இத மட்டும் கழட்டிக் குடுக்க வழியில்லாம போச்சுங்க சார்,” என்றாராம் அண்ணன், உண்மையான வருத்தத்தோடு.

வளைந்த நிப்பாலேயே கையெழுத்துப் போட்டுக் காகிதத்தைக் கொடுத்தார். மணியை எடுத்துவிட வேண்டுமா என்று அண்ணன் கேட்டதற்கு, “சட்டத்துல இல்ல. ஆனா இருந்தா தப்புமில்ல,” என்றார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

வீட்டில் அண்ணி வாசலிலேயே நின்றிருந்தாள்.

“பேப்பர் கெடச்சுதுங்களா?”

அண்ணன் நீட்டினார். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முகம் மலர்ந்தது. காப்பி போடத் திரும்பியவள் நின்றாள்.

“இன்னாசிக்கு?”

அண்ணன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைத்தேன். சொல்லி முடித்ததும் அண்ணி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

“என் தம்பிக்கு ஒரு வைப்பர் குடுக்க உங்களுக்கு மனசு வரலீங்களா?”

“நீதான் யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு...”

“யாருக்கும்னா எந்தம்பிக்குமா? அவன் யாரோவா? அத்தன பேரு முன்னால அவன் மூஞ்சிய எப்பிடி வச்சிருந்திருப்பான்! டீச்சரு, நீயும் பாத்துக்கிட்டுத்தான நின்ன?”

எனக்கு வந்த கோபத்தில் காப்பி குடிக்காமல் கிளம்பினேன். பாதி வழியில் அண்ணன் மேல் பரிதாபம் வந்து திரும்பிப் பார்த்தேன். இன்னொரு செருப்பை இன்னும் கழற்றவில்லை.

அடுத்த முகாம் வரை இன்னாசி லாரி நின்றது. லாரி நின்றால் அவன் எங்கே போவான்? அண்ணன் வீட்டுக்குத்தான். அக்கா வைக்கிற கறிக்குழம்பில் அவனுக்கு ஈரல், அண்ணனுக்கு எலும்பு. பகலில் பொழுது போகவில்லை என்று புளி லோடு ஒன்று விடாமல் அண்ணன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் வந்தான். ஏறாதே என்று அண்ணன் சொல்லவில்லை. அந்த விதி அந்த வெள்ளைப் பக்கத்தில்கூட இல்லை போலும்.

மஞ்சவாடியில் இறங்கும்போது அண்ணன் கியரைக் குறைத்து, நடை வேகத்தில்தான் இறங்குவார். ஏழாவது லோடோ எட்டாவதோ.

“மாமா, ஆமை நம்மள தாண்டிப் போவுது,” என்றான் இன்னாசி.

அண்ணன் இன்னும் ஒரு கியர் குறைத்தார்.

“இவ்ளோ நல்ல பிரேக்க வச்சிக்கிட்டு எதுக்கு பயம்? எனுக்குக் குடுத்திருந்தா காத்தா பறந்திருப்பேன்.”

அண்ணன் அடுத்த வளைவுக்கு ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

“நடந்து போனாக்கூட முன்ன போயிடலாம்.”

லாரி நின்றது. பள்ளத்தின் ஓரத்தில், அத்தனை சரிவில், ஒரு அங்குலம் நகராமல் நின்றது. அண்ணன் அவன் பக்கத்துக் கதவை எட்டித் திறந்தார்.

“எறங்கு.”

“மாமா?”

“மாட்டேன். இனிமே உன்ன ஏத்த மாட்டேன். எறங்கி நட.”

இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல், அதே நடை வேகத்தில் போனார். இன்னாசி குறுக்குப் பாதையில் இறங்கிவிட்டதாகவும், அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்து முடித்த பிறகுதான் மாமாவின் லாரி வந்து சேர்ந்ததாகவும் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான். அதில் ஒரு டீ பொய் என்பது என் அபிப்பிராயம்.